பேருந்து ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு பாடம்: நூற்றுக்கு அறுபது போதுமா?

குண்டூர் நாட்டில் உயர்வகுப்பு மாணவர்களிடம் “படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டும் சிலராவது “டிரைவர் ஆகணும் சார்” என்பார்கள். இதில் வியப்பில்லை. கொல்லிமலையின் மிளகும் காபியும் அன்னாசியும் பலாவும் வண்டியேறித்தான் கீழே போகின்றன. அடிவாரத்து நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கும் பேருந்து ஓட்டுநரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவர்தான் முதல் நாயகன்.

ஆனால் அந்த இருக்கைக்குப் போகும் வழி எது, என்னென்ன படிக்க வேண்டும், எந்த வயதில் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ‘நான் முதல்வன்’ வழிகாட்டல் வகுப்பில் பொறியியல், மருத்துவம், பட்டயப் படிப்பு என்று பேசுகிறோம். ஓட்டுநர் பணியைப் பற்றி அதே அக்கறையோடு பேசுவது குறைவு. பள்ளி முடித்த சிலர் பழகுநர் உரிமத் தேர்வுக்குப் படிக்க உதவி கேட்டு வந்தபோது, சனிக்கிழமை மாலைகளில் பள்ளியிலேயே ஒரு சிறு படிப்பு வட்டம் தொடங்கினேன். ஏழு பேர். ஐந்து பேர் என் பழைய மாணவர்கள்; அவர்களில் ஒருவர் பெண். மற்ற இருவரும் பெற்றோர். அந்த வகுப்பில் பயன்பட்ட முறைகளையும், அவற்றிலிருந்து பகல் வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

முதலில் படிக்கட்டு: 18, 20, 24

முதல் நாள் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதினேன்.

18: கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு உரிமம் பெறும் வயது. முதலில் பழகுநர் உரிமம். அதற்கு ஓர் அறிவுத் தேர்வு உண்டு.

20: லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்குரிய குறைந்த வயது. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

24: 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது கேட்ட குறைந்த வயது. அத்துடன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கனரக வாகன உரிமம், 18 மாத ஓட்டுநர் அனுபவம், பேட்ஜ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை, தமிழில் எழுதப் படிக்கும் திறன் ஆகியவையும் கேட்கப்பட்டன. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டங்கள்.

பேட்ஜ் பற்றி மாணவர்களிடம் நிறையக் குழப்பம் இருந்தது. “பேட்ஜை எடுத்துட்டாங்களாமே சார்?” என்றார் ஒருவர். பாதி உண்மை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வாகனத்தை வாடகைக்கு ஓட்ட, சாதாரண இலகுரக உரிமமே போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதையொட்டி 2018-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆட்டோ, டாக்சிக்கு இது பொருந்தும். நடுத்தர, கனரகப் பயணியர் வாகனங்களுக்கு, அதாவது பேருந்துக்கு, தனி உரிமமும் பேட்ஜும் இன்றும் தேவை.

இன்னொரு குழப்பம் படிப்பைப் பற்றியது. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. இதைக் கேள்விப்பட்டவர்கள் “டிரைவருக்குப் படிப்பு வேண்டாம்” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உரிமத்துக்குத்தான் வேண்டாம், அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். எங்கள் வட்டத்துக்கு வந்த தந்தையருள் ஒருவர் எட்டாம் வகுப்போடு நின்றவர், பல ஆண்டுகளாகச் சரக்கு பிக்கப் ஓட்டுபவர். இந்த வேறுபாடு தெரிந்த பிறகு, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பம் எப்போது வரும் என்று அவரே கேட்டார். இடைநிற்கும் நிலையிலுள்ள மாணவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இது.

தேர்வு என்ன கேட்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பழகுநர் உரிமத் தேர்வுக்கு நான்கு பகுதிகளைச் சொல்கின்றன. ஒன்று, சாலைக் குறியீடுகளும் சமிக்ஞைகளும் சாலை விதிகளும். இரண்டு, விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள். மூன்று, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும்போது செய்ய வேண்டியவை. நான்கு, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். கேள்விகள் கொள்குறி வகை. நூற்றுக்கு 60 என்ற அளவில் சரியாக விடையளித்தால் தேர்ச்சி.

வட்டத்தில் முதலில் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்ற தம்பி மகிழ்ச்சியோடு வந்தார். கைப்பேசியில் மாதிரி வினாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, விடை இருக்கும் இடத்தையே மனத்தில் பதித்து எழுதியிருந்தார். வாழ்த்திவிட்டு, “எந்தக் கேள்வியெல்லாம் தப்பாச்சு?” என்று கேட்டேன். நினைவிலிருந்து சொன்னார். அவற்றில் ஒன்று: குறுகிய மலைச்சாலையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளில் எதற்கு முன்னுரிமை?

அவர் ஓட்ட விரும்புவது எங்கள் மலைப்பேருந்து. அந்தச் சாலையில் நாள்தோறும் பலமுறை எழும் கேள்வி இது. தேர்வுத்தாளில் இது ஒரு மதிப்பெண். மலையில் ஐம்பது அறுபது பேரின் உயிர். நூற்றுக்கு 60 என்பது எத்தனை தெரியும் என்பதைச் சொல்கிறதே தவிர, எது தெரியாது என்பதைச் சொல்வதில்லை.

இது நமக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பில் 35 பெற்றவரும் தேர்ச்சி. அவருக்கு எந்த 65 தெரியவில்லை என்று நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஒரு பாடப்பகுதியை முழுமையாகக் கற்ற பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்ற முழுமைக் கற்றல் கருத்தை 1968-இல் பெஞ்சமின் புளூம் முன்வைத்தார். நாற்பது பேர் வகுப்பில், பாட அட்டவணைக்கு நடுவே அதை எல்லாப் பாடத்துக்கும் செய்வது கடினம். ஆனால் எதை முழுமையாகக் கற்றே ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும்.

அதனால் வினாக்களை மூன்று கட்டுகளாகப் பிரித்தோம். முதல் கட்டு: தெரிந்தால் நல்லது. இரண்டாம் கட்டு: தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் கட்டு: தெரியாமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. எந்த வினா எந்தக் கட்டில் சேரும் என்பதை நான் முடிவு செய்யவில்லை. அவர்கள் வாதிட்டு முடிவு செய்தார்கள். ‘இந்த விதி தெரியாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?’ என்பதே அளவுகோல். காப்பீடு புதுப்பிக்கும் வினா இரண்டாம் கட்டுக்குப் போனது. வளைவில் முந்துவது மூன்றாம் கட்டுக்கு. மூன்றாம் கட்டில் மட்டும் நூற்றுக்கு நூறு வரும்வரை விடுவதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

பாடம் 1: எழுத்துக்கு முன் வடிவம்

சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது சலிப்பு. வடிவத்திலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிகிறது. வட்டம் கட்டளையிடும்: செய் அல்லது செய்யாதே. சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கும். செவ்வகம் தகவல் சொல்லும். எண்கோணம் ‘நில்’ என்பதற்கும், தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’ என்பதற்கும் மட்டுமே உரியவை. வேறெந்தக் குறியீட்டுக்கும் இந்த இரு வடிவங்களையும் தராமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: சேறு படிந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும், வடிவமே பொருளைச் சொல்லிவிடும்.

பழைய நாள்காட்டி அட்டைகளில் குறியீடுகளை வரைந்து, படத்தை மறைத்து விளிம்பை மட்டும் காட்டி “இது கட்டளையா, எச்சரிக்கையா, தகவலா?” என்று கேட்டேன். பிறகே படம். அடுத்த வாரம் அவரவர் ஊரிலிருந்து பள்ளி வரும் வழியிலுள்ள பலகைகளைக் குறித்து வரச் சொன்னேன். செங்குத்து ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு, பாறை விழும் பகுதி, ஒலி எழுப்பவும் என்று பட்டியல் நீண்டது. ‘ஒலி எழுப்பவும்’ மட்டும் நீல வட்டத்தில் இருப்பதைக் கவனித்த ஒருவர், “அப்போ ஹாரன் அடிக்கிறது நம்ம விருப்பம் இல்லியா சார்?” என்று கேட்டார். இல்லை, கட்டளை. வடிவம் அவருக்கே பதிலைச் சொல்லியிருந்தது.

பாடம் 2: பேசும் சொல், தேர்வுச் சொல்

விடை தெரிந்தும் தவறியவர்கள் உண்டு. வினாவின் தமிழ் அவர்கள் பேசும் தமிழ் அல்ல என்பதே காரணம். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் வண்டிக்காரர் சொல். வலப்பக்கம் தேர்வுத்தாள் சொல்.

ஆர்.சி. புக் – பதிவுச் சான்று
எஃப்.சி. – தகுதிச் சான்று
பெர்மிட் – அனுமதிச் சீட்டு
இன்சூரன்ஸ் – காப்பீட்டுச் சான்று
எல்.எல்.ஆர். – பழகுநர் உரிமம்
ஓவர்டேக் – முந்திச் செல்லுதல்
டிம் அடிப்பது – முகப்பு விளக்கைத் தாழ்த்துதல்
படியில் தொங்குவது – படிக்கட்டுப் பயணம்

ஆவணங்கள் என்ற பகுதி முழுவதும் இந்தப் பட்டியலாலேயே முடிந்தது. வண்டியின் கையுறைப் பெட்டியில் தினமும் பார்க்கும் தாள்கள்தான். பெயர் மட்டுமே புதிது. டிஜிலாக்கரில் உள்ள ஆவணமும் செல்லும் என்பதை அப்போது சேர்த்துச் சொன்னேன்.

வினாவைப் படிக்கும் பழக்கமும் இதனோடு சேர்ந்ததே. ‘கூடாது’, ‘தவிர’, ‘மட்டும்’ ஆகிய மூன்று சொற்களையும் கண்டால் நிறுத்தி மறுபடி படி என்று சொன்னேன். ஆறாம் வகுப்பிலும் இந்த மூன்று சொற்களுக்கு அடிக்கோடிடச் சொல்லிப் பார்த்தேன். கணக்கில் வாக்கியக் கணக்குகளைத் தவறாகப் புரிந்துகொள்வது குறைந்தது.

பாடம் 3: விதிக்குப் பின்னால் காரணம்

மூன்றாம் கட்டு வினாக்களை மனப்பாடமாக விடவில்லை. ஒவ்வொரு விதிக்கும் ‘ஏன்?’ என்று கேட்டு, காரணத்தைச் சொன்ன பிறகே அட்டையில் சரி போடுவோம்.

ஏறும் வண்டிக்கு ஏன் முன்னுரிமை? குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இதைச் சொல்லாமல், ஒரு சைக்கிளை மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி மிதிக்கச் சொன்னேன். நின்றால் பின்னால் வழுக்குகிறது. கிளம்ப இரண்டு மடங்கு திணற வேண்டியிருக்கிறது. நிறைய ஆட்களோடு ஏறும் பேருந்துக்கும் அதே நிலை. இறங்கும் வண்டிக்குக் கிளம்புவது எளிது. யாருக்கு நிற்பது எளிதோ அவர் நிற்கிறார். விதி ஒரு நியாயமாகத் தெரிந்தபின் அதை மறக்க வாய்ப்பில்லை.

இறக்கத்தில் நியூட்ரல் ஏன் கூடாது? டீசல் மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். அறிவியல் ஆசிரியரான எனக்கு இது நிலையாற்றல் பாடம். ஆட்களோடு 15,000 கிலோ எடையுள்ள ஒரு பேருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எடுத்துக்கொண்டால் 15,000 × 10 × 1,000 = 15 கோடி ஜூல். இந்த ஆற்றல் எங்காவது போக வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 3,36,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் சுமார் 446 லிட்டர். இரண்டு பெரிய பீப்பாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப் பிரேக்கின் மேல் கொட்டுகிறோம். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அந்த வேலையில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்கும். ஏறுவதற்குப் போடும் கியரே இறங்குவதற்கும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து: ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் இன்ஜினால் இயங்குகிறது.

இந்தக் கணக்கைப் பகல் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புக்கும் போட்டேன். நிலையாற்றலுக்கு நான் இதுவரை கொடுத்த எந்த எடுத்துக்காட்டுக்கும் இத்தனை கேள்விகள் வந்ததில்லை.

வளைவில் ஏன் முந்தக் கூடாது, ஏன் ஒலி எழுப்பிக் காத்திருக்க வேண்டும்? அட்டையில் நான்கு சக்கரம் கோத்த ஒரு நீண்ட வண்டி செய்து, ஈர மண்ணில் வளைத்து இழுத்தோம். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின்மேல் விழவில்லை. உட்பக்கமாக வெட்டிப் போயிருந்தது. நீண்ட பேருந்து கொண்டை ஊசி வளைவில் அகலமாகச் சுற்றியே திரும்ப முடியும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கச் சாலையும் அதற்குத் தேவை. அங்கே இன்னொரு வண்டி வரலாம் என்று எண்ணித்தான் திரும்ப வேண்டும்.

ஒரு நொடிக் கவனக்குறைவு எவ்வளவு தூரம்? மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டருக்குச் சற்று மேல். கைப்பேசியை ஒரு நொடி பார்த்தால் பேருந்து ஏறக்குறைய தன் நீளத்தளவு ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்கு. பள்ளி வாசலில் 11 மீட்டரைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்து வைத்தோம். சின்னப் பிள்ளைகள் அதை நடந்து பார்த்தார்கள்.

படியில் பயணம் செய்வது ஓட்டுநரின் பிரச்சினையா? ஆம். படியிலோ கூரையிலோ ஆளேற்றிச் செல்லக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கே சொல்கிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் கூடுதலான ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்பது 2019 திருத்தம். வழக்கமான வினா அபராதத் தொகையைக் கேட்கும். நாங்கள் வேறொன்றைப் பேசினோம்: சந்தை நாளில் நடைபாதையில் பலாப்பழ மூட்டை அடைத்திருந்தால், அவசரத்தில் கடைசி இருக்கைப் பாட்டி எப்படி இறங்குவார்? பயணியர் வாகனத்தின் விதிகள் பலவும் இந்த ஒரு கேள்வியின் கிளைகள்தாம்.

பாடம் 4: பார்க்காததைப் படிப்பது

நான்கு பகுதிகளில் மிகவும் திணறியது ரயில்வே கேட்டில். கொல்லிமலையில் ரயில் இல்லை. சேலம்–கரூர் பாதை நாமக்கல் வழியாகக் கீழே ஓடுகிறது. எங்கள் ஏழு பேரில் இருவர் அதை ஒருமுறைகூடக் கடந்ததில்லை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 தொடக்கத்திலேயே அகற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் பாடத்தில் இந்தப் பகுதி இருக்கிறது. விதி என்ன சொல்கிறது? வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ உதவியாளரோ இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று உறுதி செய்து, வண்டியை அழைத்துப் போக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும்.

கேட்டைத் தெரியாதவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? “வளைவுல பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் என்ன செய்வார்?” என்று கேட்டேன். “இறங்கி விசில் அடிப்பார் சார்.” கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஊகித்து ஓட்டாதே, ஆளை இறக்கிப் பார் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டிலும். தெரிந்ததன் மேல் தெரியாததை ஏற்றி வைப்பதை நாம் கல்வியியலில் படித்தோம். அன்று அது நேரில் நடந்தது. அதன்பின் அந்தப் பகுதியில் யாரும் தவறவில்லை.

பாடம் 5: விபத்து நேர்ந்தால்

இந்தப் பகுதியில் விடையைவிட வரிசை முக்கியம். வண்டியை நிறுத்து. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய். 108-ஐ அழை, அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடு. எப்படியும் 24 மணி நேரத்துக்குள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவி. தனித்தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொன்னேன். பலர் முதலில் காவல் நிலையத்தை வைத்தார்கள். ஒருவர் “ஓடிப் போயிடணும், இல்லேன்னா அடிப்பாங்க” என்றார். அந்தப் பயம் உண்மையானது. கூட்டத்தின் ஆத்திரம் போன்ற, தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் உதவ முடியாத நிலையைச் சட்டமே கருத்தில் கொண்டிருக்கிறது. ஆனால் தகவல் சொல்லாமல் மறைந்துபோக அது அனுமதிக்கவில்லை.

உதவ முன்வரும் மூன்றாம் நபருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதையும், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நம் மாநிலத்தில் 2021 முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருப்பதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். இது ஓட்டுநருக்கு மட்டுமான பாடமல்ல. காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் சொல்லலாம்.

புறப்படும் முன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதையும் இதனுடன் சேர்த்தோம். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று இறந்தது. அதன்பின்தான் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்தன. டயர், விளக்கு, பிரேக், கதவு, தளம், அவசர வழி என்று ஆறு இடங்களை விரல் விட்டு எண்ணப் பழகினார்கள்.

பகல் வகுப்புக்கு வந்தவை

இந்த வட்டத்தால் பள்ளி மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று எனக்குத் தெளிவானது. மலையில் பதினைந்து பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வழக்கம். 2019 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அபராதத்தைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். கரும்பலகையில் 18, 20, 24 என்ற பழைய எண்களை அழித்து, 25-இல் தொடங்கிக் கணக்குப் போடச் சொன்னேன். 25-இல் இலகுரக உரிமம், 26-க்குப் பிறகு கனரகம், மேலும் 18 மாத அனுபவம், 28-ஐ நெருங்கிவிடுகிறது. அப்போது வகுப்பு அமைதியானது. டிரைவர் ஆக ஆசைப்படுபவன்தான் வண்டியை முதலில் எடுக்கிறான். அந்த ஆசைக்கே அது தடையாகும் என்பதை அவன் கணக்கிலேயே கண்டுகொண்டான்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் படிக்கட்டைக் காட்ட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-இலேயே அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். எங்கள் வட்டத்திலிருந்த பெண் மூன்றாம் கட்டு அட்டைகளை எல்லோருக்கும் முன்னதாக முடித்தவர். அவருடைய தங்கை என் வகுப்பில் படிக்கிறாள். 25 மீட்டர் தொலைவில் வண்டி எண்ணைப் படிக்கும் பயிற்சியை அக்காவிடமிருந்து கற்று வந்து வகுப்பில் நடத்தியவள் அவள்தான். போக்குவரத்து வாகன உரிமத்துக்கான மருத்துவச் சான்றில் இது ஒரு சோதனை. மாணவர்கள் வரிசையில் நின்று படித்தபோது இரண்டு பேரால் முடியவில்லை. அவர்களைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இருவருமே ‘எழுதச் சோம்பேறிகள்’ என்று பெயரெடுத்தவர்கள்.

உங்கள் பள்ளியில் செய்து பார்க்க

1. உங்கள் பகுதியில் பிள்ளைகள் விரும்பும் ஒரு தொழிலின் நுழைவுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, படிப்பு, சான்றுகள் ஆகியவற்றைப் படிக்கட்டாக வரைந்து வகுப்பில் ஒட்டுங்கள். அறிவிப்புகள் மாறும்; ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள்.

2. உங்கள் பாடத்தின் ஓர் அலகை மூன்று கட்டுகளாக மாணவர்களே பிரிக்கட்டும். மூன்றாம் கட்டுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு கேளுங்கள்.

3. தேர்வுத்தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணுக்குக் கீழே, தவறிய வினாக்களில் எது மூன்றாம் கட்டைச் சேர்ந்தது என்று மாணவரே எழுதட்டும்.

4. பேசும் சொல், தேர்வுச் சொல் நோட்டை எல்லாப் பாடத்துக்கும் வைக்கலாம். பழங்குடியினர் பகுதிகளிலும் எல்லையோரப் பள்ளிகளிலும் இது மிகவும் உதவும்.

5. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரில் ஓட்டுநர்கள் இருப்பார்கள். ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க அழையுங்கள். வளைவைப் பற்றி அவர்கள் சொல்வதற்குப் பாடநூலில் காரணம் கண்டுபிடிப்பதை மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

முதலில் தேர்ச்சி பெற்ற தம்பி இப்போது இலகுரக உரிமத்தோடு கனரகப் பயிற்சிக்குக் காத்திருக்கிறார். மூன்றாம் கட்டு அட்டைகள் அவரிடம்தான் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் புதிதாக வருபவர்களுக்கு அவற்றை வைத்து அவரே கேள்வி கேட்கிறார். சரியான விடை வந்தாலும் விடுவதில்லை; “ஏன்னு சொல்லு” என்கிறார்.